திரைப்படமும் தொழில்நுட்பமும்: நாம் நம்புவதும் நடப்பதும்

மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் படம் பார்க்க வேண்டுமென்றால் திடலில் வெள்ளைத்துணி கட்ட வேண்டும், படச்சுருளோடு வண்டி வர வேண்டும், மழை வராமல் இருக்க வேண்டும். இன்று அதே மண்ணில் பிறந்த பிள்ளை கைப்பேசியில் படம் பிடிக்கிறான், அதிலேயே வெட்டி ஒட்டுகிறான், முன்னோட்டத்தைப் புலனத்தில் அனுப்புகிறான், சிரம்பான் திரையரங்குக்கு டிக்கெட்டும் அதிலேயே எடுக்கிறான்.

படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, அச்சு, வானொலி, தொலைக்காட்சி என்று தனித்தனியாக இயங்கிய தொழில்கள் இப்படி ஒரே கருவிக்குள் வந்து சேர்வதுதான் தொழில்நுட்பச் சங்கமம். பல நிறுவனங்கள் ஒரு படத்தை வைத்து ஒன்றையொன்று தூக்கிவிடுவது கூட்டாற்றல். இவ்விரண்டையும் பற்றி நம் இளைஞர்களிடம் சில தவறான நம்பிக்கைகள் வேரூன்றிவிட்டன. குடும்பச் சேமிப்பைப் போட்டுப் படம் எடுக்க இறங்குபவர்கள் அவற்றை நம்பி ஏமாறக் கூடாது.

நம்பிக்கை 1: படமும் பிற ஊடகங்களும் கைகோத்தது இணையம் வந்த பிறகுதான்.

உண்மை: எஸ்.எஸ்.வாசன் கையில் ஜெமினி ஸ்டூடியோவும் இருந்தது, ஆனந்த விகடனும் இருந்தது. படம் எடுப்பவரே வீட்டுக்கு வீடு போகும் பத்திரிகைக்கும் உரிமையாளர். 1948இல் 'சந்திரலேகா'வைத் தமிழிலும் இந்தியிலும் வெளியிட்டபோது அவர் விளம்பரத்துக்குச் செலவிட்ட விதம் அன்றைய இந்தியத் திரையுலகுக்கே புதிது. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் தொடராக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் 1968இல் படமானபோது, கதாபாத்திரங்களை முன்பே அறிந்த வாசகர்கள் திரையரங்குக்கு வந்தார்கள். இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும் வானொலியும் செய்ததும் இதே வேலைதான்.

நம் நாட்டில் 1946இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவின் படங்கள், நடமாடும் வண்டிகளில் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. இன்று மாறியிருப்பது ஒன்று: அன்று ஒவ்வொரு வேலைக்கும் வேறு இயந்திரமும் வேறு ஆட்களும் வேண்டியிருந்தது. இன்று எல்லாமே மின்னிலக்கக் கோப்புகள். ஒரே காட்சி திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் சில மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது.

நம்பிக்கை 2: விமானத்தில் படம் ஒட்டியதால்தான் 'கபாலி'க்கு அவ்வளவு கூட்டம்.

உண்மை: 2016 ஜூலை 22 அன்று வெளியான 'கபாலி'க்காக ஏர்ஏசியா இந்தியா தன் விமானத்தில் ரஜினியின் உருவத்தைத் தீட்டியதும், பெங்களூரிலிருந்து ரசிகர்களை முதல்நாள் காட்சிக்குச் சென்னைக்கு அழைத்து வந்ததும் உலகம் பார்த்த விளம்பரம். ஆனால் அதற்கடியில் இருந்த பொருத்தத்தைப் பாருங்கள். பா.ரஞ்சித் எழுதிய கதையே மலேசியத் தமிழர்களைப் பற்றியது. பல காட்சிகள் இங்கேயே படமாக்கப்பட்டன. இங்கு மலாய் மொழியிலும் குரல் சேர்த்து வெளியிடப்பட்டது. மலேசியாவில் பிறந்து வளர்ந்த விமான நிறுவனப் பெயருக்கும் அந்தக் கதைக்கும் இயல்பான உறவு இருந்தது. படத்தால் நிறுவனத்துக்கும் நிறுவனத்தால் படத்துக்கும் ஆதாயம் கிடைத்தது.

அதே ரஜினிதான் 2014இல் 'கோச்சடையான்' படத்திலும் இருந்தார். நடிகரின் உடல் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்கு ஏற்றும் தொழில்நுட்பத்தில் இந்தியாவில் அது முன்னோடி முயற்சி. கார்பன் நிறுவனம் படத்தின் பெயரில் கைப்பேசிகளையும் விற்றது. நட்சத்திரம், தொழில்நுட்பம், கூட்டு விளம்பரம் மூன்றும் இருந்தும் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. திரையில் தெரிந்த உருவம் ரசிகர்கள் நேசித்த ரஜினியாக அவர்களுக்குத் தோன்றவில்லை. விளம்பரக் கூட்டணி மக்களை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே உட்கார வைப்பது படத்தின் பொறுப்பு.

நம்பிக்கை 3: பாட்டு பரவிவிட்டால் படம் ஓடிவிடும்.

உண்மை: 2011 நவம்பரில் 'கொலவெறி' பாடல் வலையொளியில் வெளியாகி, தமிழ் தெரியாத நாடுகளிலும் ஒலித்தது. இசையமைப்பாளர் அனிருத் என்ற பெயரை உலகம் அறிந்தது. ஆனால் அந்தப் பாடல் இடம்பெற்ற '3' திரைப்படம் 2012 மார்ச் 30 அன்று வந்தபோது, பாடலுக்குக் கிடைத்த வெற்றி படத்துக்குக் கிடைக்கவில்லை. பாட்டு விளையாட்டுத்தனமானது, படமோ மனநோயையும் மரணத்தையும் பேசும் துயரக்கதை. பாட்டைக் கேட்டு வந்தவர் எதிர்பார்த்தது வேறு.

நம் ஊர்க் கணக்கும் இதில் உண்டு. பாட்டைப் பார்க்கக் காசு வேண்டாம். படத்துக்குப் போகத் தோட்டத்திலிருந்து காடி வேண்டும், குடும்பத்துக்கே டிக்கெட் எடுக்க வெள்ளி வேண்டும், அரைநாள் ஓய்வும் வேண்டும். பார்வை எண்ணிக்கையை டிக்கெட் எண்ணிக்கை என்று நினைத்துக் கடன் வாங்குவது ஆபத்து. முன்னோட்டத்தைப் பார்த்தவருக்கு அடுத்த நொடியே எந்த அரங்கு, எத்தனை மணி, எவ்வளவு கட்டணம் என்பது தெரிந்தால்தான் அந்தப் பார்வைக்குப் பயன்.

நம்பிக்கை 4: நல்ல கைப்பேசி இருந்தால் போதும், முழுநீளப் படம் எடுத்துவிடலாம்.

உண்மை: இதற்குச் சான்றாக அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கரின் 'டேன்ஜரின்' படத்தைச் சொல்வார்கள். 2015இல் வந்த அந்தப் படம் ஐபோன் 5எஸ் கொண்டு எடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அகலத்திரைக்கான துணை வில்லையும் ஒளியளவைக் கையால் கட்டுப்படுத்தும் செயலியும் அதில் இருந்தன. ஒலியைத் தொழில்முறைக் கருவிகளால் தனியாகப் பதிவுசெய்தார்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒலியில்தான். செம்பனைக் காட்டில் பூச்சிகளின் இரைச்சலும் லயத்துத் தகரக்கூரையில் விழும் மழையும் வசனத்தை விழுங்கிவிடும். மங்கலான காட்சியைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். புரியாத வசனத்தைப் பொறுக்க மாட்டார். கோப்புகளைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமிப்பது, திரையரங்கு கேட்கும் வடிவத்துக்கு மாற்றுவது, மலாய் வசனவரி எழுதுவது, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான பினாஸின் நடைமுறைகள், தணிக்கை ஆகியவற்றையும் எந்தக் கைப்பேசியும் தானாகச் செய்து தராது. இவற்றுக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

நம்பிக்கை 5: எல்லாத் திரைகளிலும் ஒரே நாளில் வெளியிட்டால் வருமானம் பெருகும்.

உண்மை: 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பே வீட்டுத் தொலைக்காட்சிக்கு நேரடியாகக் கொடுக்க முனைந்தார். தொழில்நுட்பம் தயாராக இருந்தும் திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பால் திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஏழு ஆண்டுகள் கழித்து, பெருந்தொற்றில் அரங்குகள் மூடியிருந்தபோது, 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வெளியானது. இரண்டுக்கும் இடையில் மாறியது பெரும்பாலும் சந்தையின் நிலைதான். மலேசியாவிலோ, இவற்றுக்கு முன்பே 2011இல் வந்த ஆஸ்ட்ரோ பர்ஸ்ட், உள்ளூர்ப் படங்களைக் கட்டணம் செலுத்தி வீட்டிலேயே பார்க்கும் வழியைத் திறந்தது.

வருமானம் பெருகும் வழி வேறு: திரையரங்கு, கட்டணத் தொலைக்காட்சி, இணையத் தளம், பாடல், மறுமொழியாக்கம் எனப் படத்துக்குப் பல உரிமைகள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, காலவரம்போடு விற்கலாம். "எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்" என்ற ஒரே வரியில் கையெழுத்துப் போட்டால், தொழில்நுட்பம் திறந்துவிட்ட அத்தனை வாசல்களின் சாவியும் வேறொருவரிடம் போய்விடும்.

நம்பிக்கை 6: புக்கிட் பெலண்டோக்கில் படமாக்க என்ன இருக்கிறது?

உண்மை: ஆறு நம்பிக்கைகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிபா வைரஸ் மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைப் பலிகொண்டபோது, மிகக் கடுமையாக அடிபட்டது இந்த வட்டாரம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்துக்கொண்டிருந்த வேளையில், மலாயா பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டறிந்தார். அதற்குச் சுங்கை நிபா கிராமத்தின் பெயரே வைக்கப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன; இங்கே பன்றி வளர்ப்புத் தொழிலே அழிந்தது.

2011இல் ஸ்டீவன் சோடர்பர்க் இயக்கிய 'கண்டேஜன்' படத்தின் கற்பனை வைரஸுக்கு முக்கிய முன்மாதிரி இந்த நிபாதான். வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து மனிதருக்கு என்று அந்தப் படம் காட்டும் தொடர்ச்சி இங்கே நடந்தது. 2020இல் கோவிட் பரவியபோது, ஒன்பது ஆண்டு பழைய அந்தப் படத்தை உலகம் இணையத்தில் மறுபடியும் தேடிப் பார்த்தது. கேரளத்தில் 2018இல் நிபா வந்தது. மறு ஆண்டே, 2019இல், இயக்குநர் ஆஷிக் அபு அதைப் பற்றி 'வைரஸ்' படத்தை எடுத்து முடித்திருந்தார்.

தோட்டத்துக் கதைக்கும் மதிப்பு உண்டு. தீபக் குமாரன் மேனன் 2005இல் 'செம்மண் சாலை'யை ஒரு தோட்டக் குடும்பத்தை வைத்து எடுத்து, வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்குக் கொண்டுபோனார். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையனின் கதையான 'ஜகாட்' படத்தைச் சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் வெளியிட்டார். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழி அடிப்படையில் பிரிவுகளைப் பிரித்தபோது, மலாய்க் கலைஞர்களும் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விதி மாறியது, 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. அந்த வாசலைத் திறந்தது எந்தச் செயலியும் இல்லை, மனிதர்களின் ஒற்றுமை.

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பெரியவர்களின் குரலை இன்றே பதிவுசெய்யுங்கள். மூலக்கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். உரிமைப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். படம் பார்ப்பவர்களே, நம் பிள்ளைகள் எடுத்த படம் வந்தால் முதல் வாரத்திலேயே டிக்கெட் எடுங்கள். இரண்டாம் வாரம் அந்தப் படம் அரங்கில் இருக்குமா என்பதை உங்கள் டிக்கெட்தான் முடிவு செய்கிறது.