பயந்தவர்கள் எல்லாராலும் வீட்டில் இருக்க முடியவில்லை

கொரோனாக் காலத்தில் நம் வாழ்க்கை ஏன் மாறியது, யாருக்கு மாறவில்லை என்று பேசும்போது சில தவறான முடிவுகள் இன்னும் உலவுகின்றன. அடுத்த தொற்றுக்குத் திட்டம் போடுகிறவர்களும் இவற்றையே நம்பினால் பாதிக்கப்படுவது ஏழைகள்தான். அதனால் இந்தத் திருத்தங்கள்.

நம்பிக்கை: போலீஸுக்குப் பயந்துதான் மக்கள் வீட்டில் இருந்தார்கள்.

உண்மை: சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் சிவர்சன் இருவரும் 2020இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துபோனவர்களின் செல்போன் தரவுகளை ஆராய்ந்தார்கள். அருகருகே இருந்தும் வெவ்வேறு கட்டுப்பாடுகள் கொண்ட பகுதிகளை ஒப்பிட்டார்கள். வாடிக்கையாளர் வரத்து 60 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. அதில் சட்டத்தால் குறைந்தது 7 புள்ளிகள் மட்டுமே. பெரும்பாலோர் நோய்க்குப் பயந்து தாங்களாகவே ஒதுங்கியிருந்தார்கள். லத்தி சுழன்ற நம் தெருக்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் யாரும் சொல்லாமலே ஒதுங்கியவர்கள் இங்கும் உண்டு. ஒதுங்க வசதி இருந்தவர்கள் அவர்கள்.

நம்பிக்கை: வெளியே வந்தவர்கள் பொறுப்பில்லாதவர்கள்.

உண்மை: மனதை மிகவும் வருத்துகிற பழி இது. சென்னை, கோவை, மதுரையில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது ஒரே நாள். 25ஆம் தேதி காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் கூட்டம் முண்டியடித்தது. நான்கு நாள் சாப்பாட்டுக்கு ஒரே நாளில் வாங்கச் சொன்னால் ஜனம் வேறு என்ன செய்யும்? அன்றாடக் கூலியில் அன்றாடம் அரிசி வாங்கும் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. முன்கூட்டியே வாங்கி வைக்கப் பணமும் கிடையாது.

கோயம்பேடு சந்தை தொற்று மையமாகி மே 5இல் மூடப்பட்டபோது, அங்கே மூட்டை தூக்கியவர்கள் மீதும் இதே பழி விழுந்தது. அவர்கள் வேலைக்கு வராமல் இருந்திருந்தால் சென்னைக்குக் காய்கறியே கிடைத்திருக்காது. நகரம் வீட்டுக்குள் இருக்க முடிந்ததே அவர்கள் வெளியே நின்றதால்தான். பிறகு அவர்கள் ஊர் திரும்பியபோது கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று தொற்றும் கூடவே போனது. பிழைப்பு போன பிறகு, வாடகை கொடுத்துச் சென்னையில் எப்படித் தங்குவது?

நம்பிக்கை: விழிப்புணர்வு இருந்தால் கை கழுவும் பழக்கம் தானாக வரும்.

உண்மை: 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்றுப்படி, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவிய இந்தியக் குடும்பங்கள் 35.8 சதவீதம். வெறும் தண்ணீரில் கழுவியவை சுமார் 60 சதவீதம். ஆக, கழுவ வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் சோப்புக்குக் காசும் அலசத் தாராளமாகத் தண்ணீரும் வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் தெருவில், கூடுதலாக ஒரு குடம் என்றால் அதையும் பெண்கள்தான் சுமக்கிறார்கள்.

நம்பிக்கை: கொரோனாவோடு எல்லாரும் ஜிபேக்கு மாறினார்கள், ரொக்கம் குறைந்துவிட்டது.

உண்மை: ஜிபே போன்ற செயலிகள் வழியாக நடக்கும் யுபிஐ பரிமாற்றங்கள் 2020 மார்ச்சில் சுமார் 125 கோடி, 2021 மார்ச்சில் சுமார் 273 கோடி. அதே 2020-21 நிதியாண்டில் புழக்கத்தில் இருந்த ரூபாய் நோட்டுகளின் மதிப்பும் 16.8 சதவீதம் கூடியது என்கிறது ரிசர்வ் வங்கி. எந்த நேரத்தில் என்ன செலவு வருமோ என்று மக்கள் கையில் பணம் வைத்துக்கொண்டார்கள். கடையில் ஸ்கேன் செய்தவர்களே வீட்டு பீரோவில் நோட்டையும் சேர்த்தார்கள்.