ஸ்வரம் பாடச் சொன்னால் முகம் வெளுக்கிற மாணவர்களுக்கு

நாற்பது கீர்த்தனை பாடம். வர்ணங்கள் இரண்டு காலத்திலும் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் "இந்த இடத்தில் நீயே இரண்டு ஆவர்த்தனம் ஸ்வரம் பாடு" என்று சொன்னதும் குரல் உள்ளே போய்விடும். "மிஸ், நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன், மனப்பாடம் பண்ணிட்டு வந்துடறேன்." கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுக்கிற எல்லோரும் கேட்டிருக்கிற வேண்டுகோள்தான் இது. பல வகுப்புகளில் எழுதியும் கொடுத்துவிடுகிறார்கள். மேடையில் கைதட்டலும் கிடைக்கிறது. அடுத்த பாட்டுக்குப் போனால் மறுபடி வெள்ளைத்தாள்தான்.

குரு பாடியதை இம்மி பிசகாமல் திருப்பிப் பாடு என்றே பத்து வருஷம் பழக்கிவிட்டு, ஒரு நாள் திடீரென்று 'உன் இஷ்டத்துக்குப் பாடு' என்றால் எந்தப் பிள்ளைக்கும் நடுங்கத்தான் செய்யும். இஷ்டம் என்பது ரொம்பப் பெரிய இடம். அதைச் சின்னதாக்கிக் கொடுப்பதுதான் ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை. மோகனம், ஆதி தாளம் இரண்டையும் வைத்து எப்படி என்று சொல்கிறேன்.

ராகம் எதற்கு மோகனம்?

ஸ ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம். எப்படிக் கோத்தாலும் பெரும்பாலும் காதுக்கு உறுத்தாது. மாணவருக்கு 'வரவீணா' கீதமும் ராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரின் 'நின்னுகோரி' வர்ணமும் அனேகமாகப் பாடமாக இருக்கும்; ராகம் காதில் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. சஹானா, பேகடா மாதிரி பிடிகளால் நிற்கும் ராகங்களை எடுத்து இந்தக் கட்டத்தில் பிள்ளைகளை வதைக்க வேண்டாம்.

முதல் படி: கடைசி துருதம் மட்டும்

'நின்னுகோரி'யின் பல்லவி சமத்தில் காந்தாரத்தில் எடுப்பு. கச்சேரியில் வர்ணத்தின் பல்லவிக்கு ஸ்வரம் பாடுவது வழக்கமில்லை, ஆனால் பயிற்சிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பல்லவியை நீங்கள் பாடுங்கள். அடுத்த ஆவர்த்தனத்தில் லகுவின் நான்கு எண்ணிக்கையும் முதல் துருதமும் சும்மா தாளம் மட்டும் ஓடட்டும். கடைசி துருதத்தின் தட்டும் வீச்சும் மாணவருக்கு. ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம் வீதம் மொத்தம் நாலே நாலு ஸ்வரம். பாடி முடித்ததும் இருவரும் சேர்ந்து பல்லவியை எடுக்க வேண்டும்.

நிபந்தனை ஒன்றே ஒன்று: நாலாவது ஸ்வரம் காந்தாரத்துக்குப் பக்கத்து வீடாக இருக்க வேண்டும். கீழிருந்து வந்தால் ரி, மேலிருந்து வந்தால் ப. 'க ரி ஸ ரி' என்று முடித்தால் எடுப்பு தானாக வாயில் வரும். 'ஸ த ஸ ரி'யும் சரி, 'க ப த ப'வும் சரி. பொருத்தம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். விளக்கிச் சொல்வதைவிட இப்படிப் பாடிப் பார்த்தால் சீக்கிரம் புரியும். முன்னால் இருக்கிற மூன்று ஸ்வரமும் அவர்கள் இஷ்டம். மூன்று ஸ்வரத்துக்கு யாரும் பயப்படுவதில்லை.

இது சிரமமில்லாமல் வந்த பிறகு இரண்டு துருதமும் கொடுங்கள். பிறகு முழு ஆவர்த்தனம். அவசரப்பட்டு ஒரே வகுப்பில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் மறுபடி பழைய நடுக்கம் வந்துவிடும்.

இரண்டாவது படி: ராகத்தையும் தாளத்தையும் பிரித்து வையுங்கள்

பயத்தில் இரண்டு ஜாதி உண்டு. சிலருக்கு 'அபஸ்வரம் வந்துவிடுமோ' என்று. சிலருக்கு 'தாளம் தப்பிவிடுமோ' என்று. இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கச் சொல்வதால்தான் இரண்டும் கெடுகின்றன.

தாளப் பயம் உள்ளவருக்கு ஒரே ஒரு ஸ்வரம் கொடுங்கள்: மத்திய ஸ்தாயி ஸ. அதை மட்டும் வைத்து ஓர் ஆவர்த்தனம் முழுக்க நடைகளை மாற்றிச் சொல்லட்டும். 'தகதிமி' போல நாலாக, 'தகிட' போல மூன்றாக, நடுவில் ஒரு நீண்ட கார்வை. எந்த ஸ்வரம் என்ற கவலை இல்லாததால் கை தாளத்தைக் கவனிக்க ஆரம்பிக்கும். ராகப் பயம் உள்ளவருக்கு நேர் எதிர்: தாளத்தை மூடி வைத்துவிட்டு, தம்பூரா மட்டும் ஒலிக்க, நீங்கள் ஒரு பிடி பாடுங்கள், அவர் திருப்பிப் பாடட்டும். அடுத்த முறை அதே பிடியின் கடைசி ஸ்வரத்தை மட்டும் மாற்றட்டும். அதற்கடுத்து பதில் மாதிரி ஒரு பிடி. 'க ப த ப' என்று நீங்கள் கேட்டால், அவர் 'க ப க ரி' என்று இறங்கிக் காட்டலாம்.

கார்வையைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். பயந்த பிள்ளைகள் ஒரு மாத்திரைகூட விடாமல் ஸ்வரத்தைக் கொட்டி நிரப்புவார்கள், மௌனம் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற நினைப்பில். தைவதத்தில் இரண்டு எண்ணிக்கை நின்றுவிட்டு இறங்கினால் ராகமும் தெரியும், அடுத்தது என்ன என்று யோசிக்கவும் நேரம் கிடைக்கும். இதைச் சொன்ன உடனேயே பலருக்குப் பாதிப் பதற்றம் குறைகிறது.

மூன்றாவது படி: தவறு வரும்போது நீங்கள் செய்வது

மாணவரைவிட ஆசிரியருக்குத்தான் இந்தப் படி கடினம். மோகனத்தில் ஒரு மத்தியமம் தவறி விழுந்தால் நம் புருவம் தானாக ஏறும். ஏறக் கூடாது. தாளத்தை நிறுத்தவே கூடாது. அவர் தட்டுத் தடுமாறினாலும் நீங்கள் எடுப்பைச் சரியான இடத்தில் பாடிவிடுங்கள். தொலைந்தாலும் வீடு வந்து சேரலாம் என்று தெரிந்தால் தைரியம் வரும். ஆவர்த்தனம் முடிந்த பிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பாராட்டும்போதும் பொத்தாம்பொதுவாக 'சபாஷ்' என்றால் பயனில்லை. "பஞ்சமத்தில் நின்றாய் பார், அது நல்ல இடம்" என்று இடத்தைக் காட்டிச் சொன்னால் மறுபடி அங்கே போவார்கள்.

கூட்டு வகுப்பில் ஒரு தந்திரம் உண்டு. எல்லோரும் ஒரே சமயத்தில், அவரவர் ஸ்வரத்தை மெல்லிய குரலில் பாடட்டும். சந்தைக்கடை மாதிரி இருக்கும், பரவாயில்லை. யார் குரலும் தனியாகக் கேட்காது என்பதால் கூச்சப்படுகிறவர்கூட வாயைத் திறப்பார். எடுப்பில் மட்டும் எல்லோரும் ஒன்றாக வந்து இறங்க வேண்டும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஓர் ஆவர்த்தனம்.

டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இணையத்தில் சொல்லிக் கொடுக்கிறவர்களால், குரல் தாமதமாகப் போய்ச் சேருவதால் சேர்ந்து பாட முடியாது. அங்கே தாளத்தையும் எடுப்பையும் மாணவர் கையிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் கேள்விப் பிடி மட்டும் பாடி நிறுத்துங்கள்.

நான்காவது படி: வர்ணத்தைப் பிரித்துப் பார்ப்பது

எட்டுகடை ஸ்வரங்களை இதுவரை மனப்பாடமாகத்தான் பாடியிருப்பார்கள். இப்போது அவற்றிலிருந்து தனக்குப் பிடித்த நாலு துண்டுகளை எடுத்து, இடம் மாற்றி வைத்துப் பாடச் சொல்லுங்கள். முதல் ஸ்வரத்தில் நீட்டல்கள் அதிகம், போகப் போகச் செறிவு கூடும். இதே வரிசையில்தான் நல்ல கல்பனாஸ்வரமும் வளர்கிறது. எழுதிக் கொடுத்த ஸ்வரங்களும் இப்படி வெட்டி ஒட்டப் பயன்பட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேட்பதற்கு மதுரை மணி ஐயர் (1912–1968). கணக்கின் சுமை இல்லாமல் தாளத்தோடு ஓடும் சர்வலகு ஸ்வரங்களுக்கு அவர் பதிவுகளே பாடப்புத்தகம். எடுப்பு வரும் இடத்துக்குச் சற்று முன்னால் பதிவை நிறுத்தி, "நீ முடி" என்று மாணவரிடம் விடுங்கள். வகுப்பில் கலகலப்பு வரும்.

கோர்வையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் ஆசையுள்ள பிள்ளைக்கு ஒரு சின்னது: எண்ணிக்கைக்கு இரண்டு வீதம் ஆதி தாளத்தில் 16 இடம். 'த ப க ரி' நாலு, இரண்டு விடுங்கள், மறுபடி நாலு, இரண்டு விடுங்கள், மறுபடி நாலு. சமத்தில் காந்தாரம் காத்திருக்கும். ஆனால் கோர்வையிலேயே ஆரம்பித்த மாணவர்கள் அதன் முன்னால் பாட வேண்டியதை மறந்து, முடிவை மட்டும் தேடிக்கொண்டிருப்பதை நிறையப் பார்க்கிறோம்.

முதல் மேடைக்கு

சமத்தில் எடுக்கிற ஒரு மோகனப் பாட்டு போதும். அரை இடம், முக்கால் இடம் எல்லாம் பிறகு. மிருதங்கக்காரரிடம் முன்கூட்டியே "ஆறு சுற்று பாடுவாள், கோர்வை கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். வயலின்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் பதில் வாசிப்பார் என்பதை மாணவருக்கு ஞாபகப்படுத்துங்கள்: அந்த நேரம் முழுக்க மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அவர் வாசித்த பிடியையே எடுத்துத் திருப்பிப் பாடவும் செய்யலாம். பெற்றோர் எழுதின தாளைக் கேட்டு வந்தால், இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.