யாங்கோன் மழைக்கு ஏற்ற கோழிக்கூடு

யாங்கோனில் மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபரில்தான் விடும். ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர், சென்னை மழையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இங்கே வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்க நினைப்பவருக்கு முதல் வேலை ஈரத்தை விலக்குவதுதான். கூடு காய்ந்திருந்தால் நாற்றமும் நோயும் குறையும், எச்சமும் நல்ல எருவாகும்.

தீபாவளி கழிந்து மழை விட்டதும் கட்டத் தொடங்குங்கள். ஆறு கோழிக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் போதும். தண்ணீர் தேங்காத மேட்டில், நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். தரையிலிருந்து 3 அடி உயரத்தில் கால் நட்டு, மூங்கிலைப் பிளந்து விரல் பருமன் இடைவெளி விட்டுத் தளம் போடுங்கள். எச்சம் கீழே விழுந்துவிடும், கோழியின் கால் ஈரத்தில் படாது. மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திப் பயன்படுத்தினால் வண்டு அதிகம் துளைக்காது.

மழை தென்மேற்கிலிருந்து அடிக்கும். தெற்கு, மேற்குப் பக்கங்களைக் கழற்றி மாட்டும் தட்டியால் அடையுங்கள். மேலே ஓரடி காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் தட்டியைக் கழற்றிவிடலாம். தட்டிக்கு உட்புறம் உட்பட நாலு பக்கமும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை. கண் பெரிதானால் எலியும் பாம்பும் நுழைந்துவிடும். கால்களில் தகரக் கூம்பைக் கவிழ்த்து மாட்டினால் எலி ஏறாது. கூரைக்கு என் தேர்வு, பர்மியர் டனி என்கிற நிப்பா ஓலை. வெறும் தகரம் கோடையில் கோழியை வாட்டிவிடும். இறவாரம் இரண்டரை அடி வெளியே நீளட்டும். உள்ளே 4 அடி நீள உட்காரும் கழி ஒன்று, முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி இரண்டு.

தளத்துக்கு அடியில் அரிசி ஆலை உமியை அரையடி கனத்துக்குப் பரப்புங்கள். ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். வாரம் ஒருமுறை கிளறி, மேலே புது உமி தூவினால் ஈ அண்டாது.

கீழே சேர்ந்த எச்சத்தை அள்ளி மட்கவைக்கும் எருக்குவியலுக்குச் செங்கல் மேடையும் மேலே கூரையும் கட்டாயம். எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம். ஒரு கூடை எச்சத்துக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த இலையும் வைக்கோலும் கலக்க வேண்டும். உமி மட்டும் போதாது. அது குவியலுக்குள் காற்றுப் போக உதவும், மட்குவதற்கு வெகுநாள் எடுக்கும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 3 அடியாவது இருந்தால்தான் உள்ளே சூடு ஏறும். ஆறு கோழியின் எச்சம் அதற்குக் காணாது. வெட்டிய புல், காய்கறித் தோல், ஆகாயத்தாமரை ஆகியவற்றையும் சேருங்கள். சாக்கடையில் வளர்ந்த ஆகாயத்தாமரை வேண்டாம்.

கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளிதான் சொட்ட வேண்டும். மூக்கில் ஏறும் காரநெடி வந்தால் இலை போதவில்லை. அழுகல் வாடை வந்தால் ஈரம் அதிகம், உடனே புரட்டுங்கள். உள்ளே 55 பாகை செல்சியஸ் சூடு நிற்கையில், 15 நாளில் ஐந்து முறை புரட்டினால் நோய்க்கிருமிகள் அழியும். பிறகு இரண்டு மாதம் ஆறவிடுங்கள். சூடே ஏறாத குவியலைக் கீரைக்குப் போடக் கூடாது. ஆறு மாதம் மூடிவைத்து மாமரத்துக்கும் வாழைக்கும் போடுங்கள். நன்றாக மட்கிய எருவை ஒரு பங்குக்கு நாலு பங்கு மண் கலந்து கத்தரிக்கும் புளிச்சக்கீரைக்கும் இடலாம்.

பறவைக் காய்ச்சல் 2006 மார்ச்சில் மண்டலே பக்கம் வந்தது. 2007இல் யாங்கோனையும் தொட்டது. ஆகவே எச்சம் அள்ளும்போது வாய், மூக்கை மூடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழிகள் திடீரென அடுத்தடுத்துச் செத்தால் குவியலில் புதைக்காதீர்கள், சமைக்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். அன்றே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.