முதல் பனியை நம்பி ஏறாதீர்கள்

டிசம்பர் நெருங்கும்போது பெங்களூரு ஈஜிபுராவில் எனக்குத் தெரிந்த பையன்கள் சிலர் காஷ்மீரின் குல்மார்க்குக்கு டிக்கெட் போடுகிறார்கள். ஸ்கீ பழகி முடித்து, கண்காணிப்புள்ள பாதையை விட்டு விலகி, மலைச்சரிவில் தாங்களே ஏறிச் சறுக்க ஆசைப்படுகிறவர்கள். கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, சீசன் இப்பத்தானே ஆரம்பம், பனியே கொஞ்சம்தான். பனிச்சரிவெல்லாம் பிப்ரவரியிலதானே?"

அந்தக் கொஞ்சப் பனிதான் எனக்குப் பயம் தருகிறது.

நவம்பரில் விழும் பனி, வெயில் படும் சரிவுகளில் உருகிவிடும். வடக்குப் பார்த்த நிழல் சரிவுகளில் தங்கிவிடும். அடியில் நிலம் ஏறக்குறைய 0 டிகிரி. மேலே, மேகமில்லாத இரவில் அதைவிடப் பல டிகிரி கீழே. ஓரடிகூட இல்லாத பனிக்குள் இவ்வளவு வித்தியாசம் இருந்தால், நீராவி கீழிருந்து மேலேறிக்கொண்டே இருக்கும். பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக மாறிவிடும். அள்ளிப் பார்த்தால் சீனி மாதிரி விரலிடுக்கில் ஓடும். பனி ஆழமாக இருந்திருந்தால் இது இவ்வளவு வேகமாக நடக்காது. இந்த வலுவற்ற அடுக்கின்மேல் அடுத்த பனிப்பொழிவு இறங்கி, காற்று அதைப் பலகையாக இறுக்கிவிட்டால், ஓர் ஆளின் எடையே போதும். சரிவு முழுக்க உடைந்து கிளம்பும். மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர், தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிய பனிச்சரிவில்தான் மாட்டுகிறார்கள்.

2024 ஜனவரியில் குல்மார்க் மைதானம் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரியில் பனி கொட்டியது. 22ஆம் தேதி குல்மார்க்கின் அஃபர்வத் மலையில் இறங்கிய பனிச்சரிவில் ஒரு ரஷ்யச் சறுக்கு வீரர் இறந்தார். அக்டோபரும் விதிவிலக்கல்ல. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில், நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கி குறைந்தது 27 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் 16 நாட்களுக்குள் தொட்டவர். அவரை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சீசன் தொடக்கத்துக்கென்றே ஒரு பொறி உண்டு. திறந்த சரிவுகளில் பாறை துருத்திக்கொண்டிருக்கும், சறுக்க முடியாது. அதனால் கண் தானாகவே மலை இடுக்குகளையும் ஓடைப் பள்ளங்களையும் தேடும், அங்கேதானே பனி நிறைய இருக்கிறது! அதை அங்கே கொண்டுவந்து குவித்தது காற்று. அந்த மலையிலேயே உடையத் தயாராக இருக்கும் இடமும் அநேகமாக அதுதான். உயிர் போக, ஆளை மூடுமளவு பனி வரவேண்டும் என்பதுகூட இல்லை. இடுப்பளவுப் பனிச்சரிவு ஆளைப் பாறைகள்மேல் இழுத்துப் போட்டால் போதும்.

நான் ஏறும்போது கவனிப்பது கொஞ்சம்தான். காலடியில் 'வூம்' என்று பனி அமுங்கும் சத்தமோ, ஸ்கீயின் நுனியிலிருந்து ஓடும் விரிசலோ வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிடுவேன். போனிலேயே சாய்வை அளக்கலாம்: 30 முதல் 45 டிகிரிதான் மோசம். டிசம்பரில் 30க்குக் கீழேயே இருப்பேன். தலைக்குமேல் செங்குத்தான சரிவு தொங்கினால் அதற்கடியிலும் நிற்பதில்லை. சண்டிகரின் டிஜிஆர்இ நிறுவனம் தரும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஆனால் மாவட்டத்துக்கான எச்சரிக்கை, நாம் நிற்கும் பள்ளத்தைப் பற்றிப் பேசாது.

மீட்புப் பயிற்சிக்கு மலை தேவையில்லை. ஞாயிறு காலை மைதானத்தில், புதைந்தவரைச் சிக்னலால் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸீவர் ஒன்றைப் பையில் போட்டு ஒளித்துவைத்து, இன்னொன்றால் தேடுங்கள். புதைந்தவர் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே வந்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். ஸ்ரீநகரிலிருந்து யார் கிளம்பி வந்தாலும் அதற்குள் வர முடியாது. வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டு, எம்-சாண்ட் குவியலில் மண்வாரியால் தோண்டிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தோள் சொல்லிவிடும். இறுகிய சரிவுப் பனி அதைவிட முரடு, அதனால் ஆள் மாற்றி ஆள் தோண்டப் பழகுங்கள். தேடும்போது போன் அரை மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும், அது சிக்னலைக் குழப்பும். டிரான்ஸீவரில் தயாரிப்பாளர் சொன்ன வகை பேட்டரியை, கிளம்பும் முன் புதிதாகப் போடுங்கள்.