மெதுவான இணைப்பிலும் திறக்கும் கடைப்பக்கம்

நம் சங்க உறுப்பினர்களில் பலர் இப்போது கடைக்கென்று ஓர் இணையப் பக்கம் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். பட்டுச் சேலை வியாபாரிகள் மட்டுமல்ல, அரிசி மண்டிக்காரர்களும் மளிகைக் கடைக்காரர்களும் விசாரிக்கிறார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் பக்கத்தைச் செய்து தருகிறவர் தம் ஆபீஸில், நல்ல வேகமுள்ள லைனில், பெரிய கம்ப்யூட்டரில் திறந்து காட்டுகிறார். நாமும் பளபளப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

அந்தப் பக்கத்தைத் திறக்கப் போகிறவர் யார்? ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் பெட்டிக்கடை வைத்திருப்பவர். போளூர் பஸ்ஸில் நின்றுகொண்டு விலை பார்க்கும் சில்லறை வியாபாரி. கையில் இருப்பது ஐந்து வருடத்துப் பழைய போன். டவர் ஒரு கோடு காட்டினால் பெரிய விஷயம். பக்கம் திறக்கவில்லையென்றால் அவர் நம்மிடம் வந்து குறை சொல்லப் போவதில்லை. வேறு கடையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். படியேறி வந்து திரும்பிப் போகிறவரையாவது கல்லாவிலிருந்து நாம் பார்க்கலாம். இவர் போனதே நமக்குத் தெரியாது.

இதைக் கணக்காகப் பார்த்தால் நன்றாக விளங்கும். இணைப்புக் கம்பெனிகள் சொல்லும் வேகம் பிட் கணக்கு. படத்தின் எடை பைட் கணக்கு. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது, நெல் மூட்டையை எண்ணி அத்தனை மூட்டை அரிசி வரும் என்று நினைப்பது போல. 2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. 2013-ல் அது 512 ஆயிற்று. 2023-ல் 2 மெகாபிட் ஆயிற்று. காகிதத்தில் உயர்ந்துவிட்டது. மலையடிவாரத்திலும், சந்தைக் கூட்டத்திலும் கைக்குக் கிடைப்பது பழைய 256 தான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே புத்திசாலித்தனம். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 32 கிலோபைட்.

இப்போது, விலைப்பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, போனில் படமெடுத்துப் போடும் வழக்கத்தைப் பாருங்கள். அந்தப் படம் ஏறக்குறைய 4 மெகாபைட். 32-ஆல் வகுத்தால் 125 விநாடி, இரண்டு நிமிடத்துக்கு மேல். அதே பட்டியலை எழுத்தாக அடித்துப் போட்டால்? தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் பிடிக்கும். கொம்பும் புள்ளியும் துணைக்காலும் தனிக் கணக்கு. வரிக்கு முப்பது குறி என்று 200 சரக்குக்குப் போட்டால் மொத்தம் 18 கிலோபைட். ஒரு விநாடி கூட ஆகாது. சர்வரிலேயே சுருக்கி அனுப்பும் வசதியும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் இன்னும் குறையும். மேலும் எழுத்தாக இருந்தால் துவரம்பருப்பு என்று தேடலாம். தினமும் ஒரு வரியை மட்டும் திருத்தலாம். போன் நம்பரைத் தொட்டால் நேராக அழைப்பு போகும்.

சேலைக்குப் படம் இல்லாமல் முடியாதுதான். நாற்பது சேலையை எடுத்தபடியே போட்டால் 160 மெகாபைட். திறந்து முடிக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். சிறிய படமாக, ஒவ்வொன்றும் 40 கிலோபைட்டுக்குள் குறைத்து, முதலில் ஆறு மட்டும் வரும்படி செய்தால் எட்டு விநாடிக்குள் வந்துவிடும். கீழே தள்ளத் தள்ள மற்றவை வரட்டும். கரை நெசவைக் கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவர் தொட்டுப் பெரிய படத்தைத் திறந்துகொள்ளலாம். கடையில் எல்லாச் சேலையையும் ஒரே நேரத்திலா விரித்துப் போடுகிறோம்?

யூடியூபில் வேலை பார்த்த கிறிஸ் சகரியாஸ் என்ற என்ஜினீயர் 2012-ல் ஒரு செய்தி எழுதினார். வீடியோ பார்க்கும் பக்கம் 1.2 மெகாபைட்டாக இருந்ததை 98 கிலோபைட்டாகக் குறைத்தார். ஆனால் கணக்கெடுத்தபோது பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறையவில்லை, கூடியிருந்தது! ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் பழைய பக்கம் திறக்க இருபது நிமிடம் ஆனது. அதனால் யாரும் பார்க்கவேயில்லை. இப்போது இரண்டு நிமிடத்தில் திறந்ததும் அவர்களும் வந்துவிட்டார்கள். வராதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பதை வியாபாரிக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் நாட்டிலும் பிளிப்கார்ட் 2015-ல் போனுக்கான இணையப் பக்கத்தை மூடிவிட்டு, எல்லோரும் ஆப் போட்டுக்கொள்ளட்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் லைட் என்ற இலகுவான பக்கத்தோடு திரும்பி வந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் 2ஜி இணைப்பில் வந்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்தாலேயே எல்லோரையும் ஆப் போட வைக்க முடியவில்லை. மளிகைக் கடைக்குத் தனி ஆப் செய்து தருகிறேன் என்று வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வேகக் குறைவை ஏற்றுக்கொண்டு வேலையை அதற்கேற்ப அமைத்ததற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில், சென்னை ஐஐடி உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பில் இணைய மையங்கள் நடந்தன. வேகம் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். உள்ளூர்க்காரர்களே அவற்றைத் தொழிலாக நடத்தினார்கள். கண்ணில் கோளாறு உள்ளவரின் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஒரு படம், சில வரி விவரம், அவ்வளவே. லைனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. நம் ஆர்டர் படிவமும் இப்படித்தான் இருக்க வேண்டும். சரக்கு, அளவு, கடை பெயர், போன் நம்பர் போதும். நடுவில் லைன் போனால் அடித்தது அழியக் கூடாது. டவர் வந்ததும் தானே போய்ச் சேர வேண்டும். அப்படிச் செய்ய முடியும்.

படத்துக்குப் பின்னால் விவரம் எழுதச் சொல்வதையும் பக்கம் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். "மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, ஜரிகை முந்தானை" என்று எழுதி வைத்தால், படம் வராத போனில் அந்த எழுத்தாவது தெரியும். பார்வையற்றவரின் போன் அதையே வாய்விட்டுப் படித்துக் காட்டும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இணைய வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். வெயிலில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அழகு எழுத்துருவும் வேண்டாம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடிய காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. இன்று எல்லாப் போனிலும் தமிழ் இருக்கிறது.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலேயே பழைய போன் ஒன்றை எடுத்து, செட்டிங்கில் 2ஜி அல்லது 3ஜிக்கு மாற்றி, நம் பக்கத்தைத் திறந்து கடிகாரத்தைப் பாருங்கள். சில சிம்களில் பழைய இணைப்பு கிடையாது. அப்படியானால் டவர் குறைவாக உள்ள ஊர் உறவினரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். பத்து விநாடிக்குள் கடை பெயர், போன் நம்பர், இன்றைய விலை இந்த மூன்றும் கண்ணில் படவில்லையென்றால் பக்கம் செய்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலைக்குப் பக்கத்தில் தேதி போடவும் சொல்லுங்கள். போன வாரத்து விலையைக் காட்டிச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.