வீட்டுக்கு ஒரு குறிப்பேடு

ஜனாஸாத் தொழுகைக்கு முன் நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மய்யித்தின் மகனோ சகோதரரோ ஸஃப்புக்கு முன்னால் வந்து நின்று, "வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பேற்றுக் கொள்கிறேன்" என்று அறிவிப்பார். நல்ல வழக்கம்தான். ஆனால், அந்த அறிவிப்புக்குப் பின் நடப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்குப் பழக்கமான ஒரு பெரியவர் மவ்த்தானார். அடக்கம் செய்த மூன்றாம் நாள் ஒருவர் வந்து, "உங்கள் வாப்பா எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் தரவேண்டும்" என்றார். மகனுக்குத் தெரியாது. உம்மாவுக்கும் தெரியாது. "மாமா போன பெருநாளைக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்களே" என்றார் மருமகன். வந்தவர் பொய்யர் அல்லர். மறைந்தவரும் ஏமாற்றுக்காரர் அல்லர். இருவருக்கும் நடுவே ஒரு வரி எழுத்து இல்லை, அவ்வளவுதான். மகன் கொடுத்துத் தீர்த்தார். ஆனால், அந்த இரு குடும்பங்களும் இன்றுவரை மனம்விட்டுப் பேசிக்கொள்வதில்லை.

மறதி குற்றமாகுமா?

மறதி மனித இயல்பு. மறந்து தொழுகையை விட்டவர் நினைவு வந்ததும் தொழ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். மறந்ததற்காக அவர் பாவியாவதில்லை. ஆனால், தொழுகை அவர் பொறுப்பிலிருந்து நீங்கிவிடவும் இல்லை! கடனும் அப்படியே. "மறந்துவிட்டேன்" என்பதால் கொடுத்தவருடைய ஹக்கு அழிந்துவிடாது. கடனோடு கொண்டுவரப்பட்ட ஒரு ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள்.

திருக்குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து சூரத்துல் பகராவின் 282ஆம் ஆயத்து. அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சலிப்படையக் கூடாது. வாசகத்தைக் கடன் வாங்கியவரே சொல்ல வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும் என்று அது கற்பிக்கிறது. இவ்வாறு எழுதுவது கடமையன்று, விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. எனினும், இவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்ட ஒன்றை நாம் எவ்வளவு எளிதாக விட்டுவிடுகிறோம்!

"எங்களுக்குள் நம்பிக்கை இருக்கிறது; எழுதினால் சந்தேகப்படுவதாக ஆகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. இருக்கும் நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் எழுத்து.

எந்த ஷஅபான்?

கலீபா உமர் (ரலி) அவர்களிடம் ஒரு பத்திரம் கொண்டுவரப்பட்டது. ஷஅபானில் தரவேண்டியது என்று அதில் கண்டிருந்தது. "எந்த ஷஅபான்? போனதா, நடப்பதா, வரப்போவதா?" என்று அவர்கள் வினவினார்கள். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஏற்படுத்தப்பட்டதற்கு இதையும் ஒரு காரணமாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். "பெருநாள் கழித்துத் தருகிறேன்" என்று நாம் சொல்கிறோமே, எந்தப் பெருநாள்? ஆகவே, எதை எழுதினாலும் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள்.

எழுதும் முறை

நூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். அதை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, கடன். வாங்கியது ஒரு பக்கம், கொடுத்தது எதிர்ப்பக்கம். பெயர், தொகை, தவணை, சாட்சி இவற்றைக் குறியுங்கள். பகுதி கொடுத்தால் அதையும் உடனே எழுதி, பெற்றவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

இரண்டாவது, அமானத்தும் இரவலும். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய நகையானால் எடையோடு எழுதுங்கள். பக்கத்து வீட்டுத் தேக்சாவும் பிறர் பொருளே!

மூன்றாவது, களா நோன்பு. ரமளானில் விடுபட்ட நோன்புகளைப் பெண்கள் பெருநாளன்றே எண்ணி எழுதிவிட வேண்டும். ஒன்றைப் பிடித்ததும் ஒரு கோடு அடியுங்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தம் களா நோன்புகளை ஷஅபானில் நோற்றதாகக் கூறியுள்ளார்கள். காரணமின்றி அடுத்த ரமளான் வரை தள்ளினால், ஷாபிஈ மத்ஹபில் களாவோடு நோன்பு ஒன்றுக்கு ஒரு முத்து உணவும் கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் களா மட்டுமே.

நான்காவது, ஜகாத்தும் நேர்ச்சையும். ஜகாத் கணக்குப் பார்க்கும் பிறைத் தேதியைக் குறித்து வையுங்கள். பிறை ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஆங்கிலத் தேதியைப் பிடித்துக் கொண்டு அதே இரண்டரை சதவீதம் கொடுத்து வருபவருக்கு 33 ஆண்டுகளில் ஓர் ஆண்டு ஜகாத்தே விடுபட்டுப் போகும்!

ஐந்தாவது, அன்றாட வேலைகள். நோயாளியைப் பார்ப்பதாகச் சொன்னது, பிறர் காரியத்தில் கொடுத்த வாக்கு, பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பணம் எல்லாம் இங்கே. இரவில் இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் புரட்டுங்கள். முடிந்ததை அடியுங்கள், முடியாததை நாளைய பக்கத்துக்கு மாற்றுங்கள்.

எழுதக் கூடாததும் ஒன்றுண்டு. கொடுத்த ஸதகாவைப் பெயரோடு எழுதி வைத்துப் பின்னாளில் சொல்லிக் காட்டாதீர்கள். அது அந்த நன்மையையே பாழாக்கும்.

கைப்பேசியில் குறித்துக் கொண்டால் போதாதா எனலாம். உங்கள் நினைவுக்கு அது போதும். ஆனால், நீங்கள் கண்மூடிய பின் அதன் பூட்டைத் திறப்பவர் யார்? நோட்டுப் புத்தகத்தை எழுத்தறிந்த யாரும் திறக்கலாம். அது இருக்குமிடத்தை மனைவி மக்களுக்குச் சொல்லி வையுங்கள்.

மரண சாசனம் செய்ய வேண்டியது ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதித் தம்மிடம் வைத்துக் கொள்ளாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இதைக் கேட்ட நாள் முதல் தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். நாமோ எத்தனை இரவுகளைக் கழித்துவிட்டோம்!

இன்றிரவே முதல் பக்கத்தை எழுதுங்கள். நாளை நம் பிள்ளை ஸஃப்புக்கு முன்னால் வந்து நிற்கும்போது, அவன் கையில் நம் கணக்கு இருக்கட்டும். பிறர் ஹக்கு எதுவும் நம் கழுத்தில் இல்லாத நிலையில் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.