பெருவன்முறைக்குப் பின்: ஊருக்குள்ளிருந்தே உளவளத்துணையாளர்களை உருவாக்குதல்

போர் நடந்த, நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் உளநோய் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட மதிப்பீடு. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது இலங்கையின் வன்னியில் இந்தச் சுமையைத் தாங்குமளவுக்கு மனநல மருத்துவர்கள் இருக்கவில்லை. வெளியிலிருந்து வரும் நிபுணர்களும் நெடுநாள் தங்குவதில்லை. ஆகவே ஊரவர்களையே உளவளத்துணைக்குப் பயிற்றுவிக்க வேண்டியுள்ளது. இது நடக்கக்கூடியது என்பதற்குச் சான்றும் உண்டு. உகண்டாவின் நாகிவாலே குடியிருப்பில் ருவாண்டா, சோமாலிய அகதிகள் 277 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், ஆறு வாரப் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே துணையாளர்களாக இருந்தனர். அவர்களிடம் உதவி பெற்றவர்களின் மனவடு அறிகுறிகள், உதவி பெறாதவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தன.

ஆனால் வேலையைப் பயிற்சி வகுப்பிலிருந்து தொடங்கக் கூடாது. முதலில் உறுதிசெய்ய வேண்டியவர் மேற்பார்வையாளர்: வாரம் ஒருமுறை துணையாளர்களைச் சந்தித்து, அவர்கள் பார்த்தவர்களைப் பற்றிப் பேசக்கூடிய அனுபவமுள்ள ஒருவர். கடுமையான நோயாளரை அனுப்பிவைக்க மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுடன் ஓர் ஏற்பாடும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்றவர் தனித்துவிடப்படுகிறார், சில மாதங்களில் தானும் நொந்துபோகிறார்.

அடுத்தது ஆள் தெரிவு. அலுவலகம் தரும் பெயர்ப் பட்டியலைவிட, “மனக்கஷ்டம் வந்தால் இந்த ஊரில் யாரிடம் போவீர்கள்?” என்று வீடு வீடாகக் கேட்பது நல்லது. முன்பள்ளி ஆசிரியை, மாதர் சங்கத் தலைவி, தேவாலயத்துச் சகோதரி, கோயில் தொண்டர் என்று சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். படிப்பைவிட இரகசியம் காக்கும் குணமே முக்கியம். சொன்னது படையினருக்கோ பொலிஸுக்கோ ஆயுத இயக்கங்களுக்கோ போய்விடும் என்ற ஐயம் ஒருமுறை பிறந்தால், அதன்பிறகு எவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆண்களும் பெண்களும் இருக்க வேண்டும், ஏனெனில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் ஆணிடம் பேசுவது அரிது. தெரிவாகிறவர்களும் போரில் இழந்தவர்களாகவே இருப்பார்கள். அது தடையல்ல. ஆனால் பயிற்சியின் முதல் நாட்களை அவர்களுடைய இழப்புகளுக்காக ஒதுக்க வேண்டும். யாரையும் பேசச்சொல்லி வற்புறுத்தாமல், பேச விரும்புபவருக்கு இடம் கொடுத்தால் போதும்.

வகுப்பின் பெரும்பகுதி செவிமடுத்தலுக்கே போக வேண்டும். 2011இல் வெளியான உளவியல் முதலுதவிக் கையேடு பார், கேள், இணை என்று மூன்று செயல்களைச் சொல்கிறது. இவற்றுள் கேட்பதுதான் கடினம். இருவர் இருவராக நடித்துப் பழகும்போது, “அழாதேங்கோ”, “எல்லாம் விதி”, “மற்றாக்களுக்கு இதைவிடக் கூட நடந்தது” போன்ற சொற்கள் எவ்வளவு எளிதாக வாயில் வருகின்றன என்பதைப் பயிற்சியாளர் அங்கேயே சுட்டிக்காட்டலாம். நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைப்பது ஆறுதல் தரும் என்பது பரவலான நம்பிக்கை. சம்பவம் நடந்த உடனேயே அப்படிச் சொல்லவைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து அமர்வு கொண்ட அதன் எளிய முறை, 2016இல் வெளியானது, மூச்சுப்பயிற்சியையும் அன்றாடச் சிக்கலைத் தீர்ப்பதையும் முன்னிறுத்துகிறது. தமிழில் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் ‘மனவடு’ நூல் இருக்க, மொழிபெயர்த்த தாள்களை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை.

பலர் துயரத்தைத் துயரம் என்று சொல்லி வருவதில்லை. தலையிடி, நெஞ்சு நோ, நித்திரையின்மை, ஒரே யோசினை என்றே வருவார்கள். உடல் நோயைப் பொய்யென்று ஒதுக்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டச்செய்து, பிறகு மெதுவாகப் பேசப் பழக்க வேண்டும். மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியை அவரவர் வழக்கத்திலிருந்தே எடுக்கலாம்: சைவருக்கு நாமசெபமும் சாந்தி ஆசனமும், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கெனப் பயிற்சியில் தனி நாள் ஒதுக்க வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டமாக வீதியோரத்தில் உட்காரத் தொடங்கிய தாய்மார் கேட்டது தம் பிள்ளைகள் எங்கே என்பதைத்தான். உடல் கிடைக்காமல் அந்தியேட்டிக் கிரியை செய்யப் பலருக்கு மனம் வராது. மனைவி பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று ஊர் பேசும். துணையாளர் “அவர் இறந்திருப்பார், கிரியையைச் செய்யுங்கோ” என்றும் சொல்லக் கூடாது, “திரும்பி வருவார்” என்றும் சொல்லக் கூடாது. அந்த முடிவு குடும்பத்துடையது. தேடுவதை விட்டால்தான் மனம் ஆறும் என்று அறிவுரை கூறுவது, நீதி கேட்கும் ஒருவரை நோயாளியாக்குவதாகும். செய்யக்கூடியது, தேடலுக்கு நடுவிலும் அவர் சாப்பிடவும் உறங்கவும் பிள்ளைகளைக் கவனிக்கவும் துணைநிற்பது. அதே நிலையிலுள்ள மற்றப் பெண்களுடன் சேர்த்துவிடுவது.

ஆபத்தின் அறிகுறிகளை மனப்பாடமாகவே கற்பிக்க வேண்டும்: சாக வேண்டுமென்ற பேச்சு, இல்லாத குரல் கேட்பது, நாட்கணக்கில் உணவு மறுப்பது, பிள்ளையை அடிப்பது, குடி முற்றுவது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. இருந்தால் அவரைத் தனியே விடக்கூடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிநாசினியை வீட்டிலிருந்து அகற்றி, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று குடும்பங்களுடன் மட்டும் தொடங்குவது நல்லது. பேசும் இடம் திண்ணையாகவோ கிணற்றடியாகவோ இருக்கலாம், அயலவர் காதில் விழாதிருந்தால் சரி. குறிப்பேட்டில் பெயரோ இயக்கத் தொடர்போ எழுதக் கூடாது. போர் முடிவை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய வாரங்களில் பழைய நினைவுகள் திரும்புவதால் சந்திப்புகளைக் கூட்டவும், துணையாளர்களுக்கு ஓய்வு கொடுக்கவும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். போக்குவரத்துச் செலவும் ஒரு மாதப்படியும் கொடுக்காமல் இந்த வேலையைத் தொண்டு என்ற பெயரில் வாங்குவது நியாயமல்ல.

நன்கொடை தருவோர் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையையே கேட்பார்கள். நூறு பேருக்கு மூன்று நாள் பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுப்பதைவிட, பத்துப் பேரைப் பயிற்றுவித்து இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் மேற்பார்வை செய்வதே மேல். அந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பணம் கையில் இல்லையென்றால் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டும்.